மூன்று மாதத்துக்கு ஒரு மொட்டை

என் ஆசை நைனாவுக்கு, ஊரையே ஏமாற்றிவிட்டுப் போன நைனாவுக்கு,

சௌக்கியமா என்று கேட்கப் போவதில்லை. உயிரோடு இருந்தபோதே அந்தக் கேள்விக்கு நீ ஒருநாளும் உண்மையான பதில் சொன்னதில்லை. இப்போது கேட்டு என்ன ஆகப்போகிறது? நான் எப்படி இருக்கிறேன் என்று வேண்டுமானால் சொல்கிறேன். கோபமாக இருக்கிறேன். இரண்டாம் வருஷத் திவசத்துக்குப் பத்திரிகையில் உன் படத்தைப் போட்டு, மேலே 'பெருமாள் பக்தர்' என்று போடலாம் என்று பங்காளிகள் சொன்னார்கள். நான் வேண்டாம் என்று கத்தினேன். அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். நீ மட்டும் படிக்க இல்லை. எல்லாரும் படிக்க.

முதலில் ஊருக்குத் தெரியாததைச் சொல்லிவிடுகிறேன். உனக்கு வந்தது இடுப்பு வலி இல்லை. பிராஸ்டேட் புற்றுநோய். பார், எழுதிவிட்டேன், வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. மூத்திரப்பைக்குக் கீழே ஆண்களுக்கு மட்டும் இருக்கிற சின்னச் சுரப்பி அது. அங்கே ஆரம்பித்து, நீ வாயைத் திறந்து சொல்வதற்குள் இடுப்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் போய்விட்டது.

வாயை எங்கே திறந்தாய்? ஒன்றுக்குப் போகக் கஷ்டப்பட்டபோது வெயில் சூடு என்று பார்லித் தண்ணி குடித்தாய். திருப்பதியில் எங்கள் வீட்டுக்கு வந்தால் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நிற்பாய், சத்தம் விட்டு விட்டு வருவது வெளியே கேட்கக்கூடாதென்று. தண்ணீர் வீணாகிறதே என்று நான் கூடக் கதவைத் தட்டியிருக்கிறேன். இடுப்பு வலி வந்ததும், நம் பக்கத்தில் எல்லாரும் செய்வதைப் போல நாட்டு வைத்தியரிடம் போய் எலும்புக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தாய். கட்டுப் போட்டவரைக் குறை சொல்ல மாட்டேன். கீழே விழுந்தேன் என்று நீ சொன்னால் அவர் நம்பத்தானே செய்வார்?

திருப்பதிக்கு இழுத்துக்கொண்டு வந்து டாக்டர் முன்னால் உட்கார வைத்தபோதும் நீ "நடும் நொப்பி சார்" என்று தெலுங்கில் இடுப்பைத்தான் காட்டினாய். ஒன்றுக்குப் போவதைப் பற்றி நான்தான் சொன்னேன். மகள் சொல்கிறாளே என்று சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். பின்பக்கமாக விரல் விட்டுப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் வேட்டியை இறுக்கிக்கொண்டு வராண்டாவுக்கு வந்துவிட்டாய். அரை மணி நேரம் கெஞ்சித் திரும்ப உள்ளே அனுப்பினேன், ஞாபகம் இருக்கிறதா?

ரத்தம் எடுத்து, சதை எடுத்து, எலும்புக்கு ஸ்கேன் எடுத்து, கடைசியில் டாக்டர் உட்கார வைத்துச் சொன்னார். இதை முழுசாக எடுக்க முடியாது. ஆனால் அடக்கி வைக்கலாம். ஆண்களுக்கான ஹார்மோன்தான் இந்த நோய்க்குச் சோறு. அதை நிறுத்தினால் நோய் சுருங்கும். விதையை ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம், இல்லையென்றால் மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி. ஆபரேஷன் என்றதும் உன் முகத்தில் ரத்தமே இல்லை. ஊசி போதும் என்றாய். அதில் எனக்குக் கோபம் இல்லை. எந்த ஆம்பளைக்கும் அது கஷ்டம்தான்.

என் கோபம் அதற்கப்புறம் நீ செய்ததில். அன்றைக்கு முதல் ஊசி போட்டுக்கொண்டு வந்ததும் மலைக்குப் போக வேண்டும் என்றாய். பக்தி வந்துவிட்டதாக்கும் என்று நானும் கூட வந்தேன். மொட்டை போட்டுக்கொண்டு, தலை முழுக்கச் சந்தனம் பூசிக்கொண்டு வந்து, என் கையைப் பிடித்து அந்த ஈரச் சந்தனத்தின் மேல் வைத்தாய். "ஊர்ல யாருக்கும் தெரியக் கூடாது. உங்கம்மாவுக்கும் தெரியக் கூடாது. மொட்டைக்குத்தான் திருப்பதி போறேன்னு சொல்லிக்கினு வர்றேன். எம் மேல சத்தியம் பண்ணு," என்றாய். வலியில் இருக்கிற மனுஷன் கேட்கிறானே என்று செய்தேன்.

இப்படித்தான் மூன்று மாதத்துக்கு ஒரு மொட்டை ஆரம்பித்தது. கீழே ஊசி, மேலே மொட்டை. விஜயபுரம் பக்கத்திலிருந்து திருப்பதிக்குப் பஸ் ஏறுகிற மனுஷனை எதற்குப் போகிறாய் என்று யார் கேட்பார்கள்? மொட்டையோடு திரும்பி வந்தால் அப்புறம் கேள்வியே கிடையாது. நல்ல மூளை உனக்கு. மலை ஏற முடியாமல் போன பிறகு பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சலூனில் மொட்டை அடித்துக்கொண்டாய். லட்டுக்கு நான். மலைக்குப் போய் வருகிறவர்களிடம் சொல்லிவைத்து வாங்கி, உன் மஞ்சப் பையில் போட்டு அனுப்புவேன். நீ ஊரில் போய் அதைப் பிட்டுப் பிட்டுக் கொடுப்பாய்.

ஊர் என்ன செய்யும்? நம்பியது. ஊசி உன் உடம்பில் என்னென்ன செய்ததோ அத்தனைக்கும் ஊர் ஒரு பக்திக் காரணம் கண்டுபிடித்தது. திடீர் திடீரென்று உடம்பு கொதித்து வேர்த்துக் கொட்டும், அது ஹார்மோன் நின்றதால் வருவது, அம்மாவுக்கு மாதவிலக்கு நிற்கிற வயசில் வந்ததேதான். சனிக்கிழமை பஜனையில் உனக்கு அப்படி வந்தபோது சாமி வந்துவிட்டது என்று உன் முன்னால் தேங்காய் உடைத்தார்கள். மார்பு வீங்கி வலித்ததால் சட்டையைக் கழற்றுவதை விட்டாய். கடலைக் கொல்லையில் கூட முழுக்கைச் சட்டை. அதுவும் விரதமாம். உடம்பு சோர்ந்து களத்தில் உட்கார்ந்துவிட்டால், தியானமாம். நீ வாயைத் திறந்து இல்லை என்று சொன்னாயா? தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

ஊசி நன்றாகத்தான் வேலை செய்தது, நைனா. அதைச் சொல்லாவிட்டால் பாவம். குனிந்து நிமிர முடியாமல் இருந்தவன் இரண்டு பட்டம் கடலை போட்டாய். என் மகளின் மஞ்சள் நீராட்டுக்குத் தாய்மாமன் இல்லாத குறைக்கு நீயே சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தாய். அப்புறம் ஒரு கட்டத்தில் ஊசிக்கு நோய் அடங்கவில்லை. மாத்திரை மாற்றினார்கள். சலைனோடு ஏற்றுகிற கீமோ மருந்து கொடுத்தார்கள். முடி கொட்டியது, மொட்டைத் தலையில் யாருக்குத் தெரியும்? எல்லாம் உனக்கு வசதியாக அமைந்தது. மொத்தத்தில் மூன்று வருஷம் தாண்டியது. கொடுத்தது டாக்டர்களும் மருந்தும். பேர் வாங்கியது உன் மொட்டை. பெருமாளுக்கு இதில் என்மேல் வருத்தம் இருக்காது, எதை யார் கொடுத்தார்கள் என்று அவருக்குத் தெரியும்.

கடைசி மாதம் எங்கள் வீட்டில்தான் இருந்தாய். எலும்பு வலியில் தலையணை உறையைப் பல்லால் கடித்துக் கிழித்தாய். மார்ஃபின் மாத்திரை கொடுத்தால் கொஞ்ச நேரம் தூங்குவாய். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டே, "இடுப்பு வலி இப்டியா ஆள உருக்கும்?" என்று கேட்பாள். நான் சமையலறைக்குப் போய்விடுவேன். நீ போன அன்றைக்கு ஊரிலிருந்து வந்தவர்கள், பெருமாள் காலடியில் உயிர் போயிருக்கிறது, கொடுத்து வைத்தவன் என்றார்கள். அப்போதே அவர்களைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருக்க வேண்டும்.

சரி. இதெல்லாம் உனக்குத் தெரிந்த கதை. தெரியாததைச் சொல்கிறேன்.

மாசி மாதம் ஒரு நாள் காலையில் கதவைத் திறந்தால் உன் தம்பி நிற்கிறார். மொட்டை. தலையில் சந்தனம். கையில் லட்டுப் பை. ஒரு கணம் நீதான் என்று நினைத்துவிட்டேன். வா சித்தப்பா என்று உட்கார வைத்தேன். உட்காரும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தார். காபி போடுவதற்குள் பாத்ரூமுக்குப் போனார். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் ஓடியது. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக் கூடப் பார்க்காமல் நின்றேன், நைனா.

வெளியே வந்தவரிடம் எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். எதைக் கேட்கிறாய் என்றார். இடுப்பு வலி என்று மாற்றினேன். போன வருஷத்திலிருந்தே இருக்கிறதாம். அதனால்தான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மலைக்கு வந்து மொட்டை போடுகிறாராம். இது எத்தனையாவதோ. என்னைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று இத்தனை நாள் வீட்டுக்கு வராமலே போயிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் வா, தெரிந்த டாக்டர் இருக்கிறார் என்றேன். சிரித்தார்.

"இன்னாத்துக்கு ஆஸ்பத்ரி? அண்ணன் எந்த ஆஸ்பத்ரிக்குப் போனாரு? இதே வலிதான் அவருக்கும். பெருமாள் மூணு வருஷம் குடுத்தாரா இல்லியா? எனக்கும் குடுப்பாரு."

கேட்டாயா? நீ ஊரிடம் மறைக்கப் போட்ட வேஷத்தை உன் கூடப் பிறந்தவர் வைத்தியம் என்று பிடித்துக்கொண்டார். அண்ணன் தம்பிக்கு இந்த நோய் வர வாய்ப்பு அதிகம் என்று டாக்டர் உன்னிடமே சொன்னார், நான் பக்கத்தில் இருந்தேன். வயசான ஆண்கள் வீட்டில் யார் இருந்தாலும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடச் சொன்னார். சரி சார், சரி சார் என்றாய். ஊருக்குப் போய் அவர் கையில் லட்டைக் கொடுத்தாய். ஒரு வார்த்தை, "டேய், நீயும் ஒரு தடவ காட்டிக்கடா" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் மானம் எந்த ஏரியில் போயிருக்கும்?

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்துவிட்டார். வேறு எந்தப் பேச்சும் அவரிடம் எடுபடாது, உண்மை ஒன்றுதான் எடுபடும். அதன் மேல் நான் சத்தியம் செய்து வைத்திருக்கிறேன். கேட் வரைக்கும் பின்னாலேயே போனேன். செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவரிடம் சொல்லிவிட்டேன். நைனாவுக்கு இருந்தது கேன்சர், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தது ஊசிக்கு, மொட்டை ஊருக்காக. சந்தனம் காய்ந்த அந்த முகம் அப்படியே கறுத்துவிட்டது. "செத்துப் போனவருக்கு இல்லாத நோவ ஒட்டாத, சாந்தி. நீ படிச்ச பொண்ணு," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். போன் போட்டால் எடுக்கவில்லை. உன் வேஷம் அவ்வளவு கெட்டி.

மறுநாளே லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போனேன். அம்மாவிடம் சொல்லாமல் இதை நகர்த்த முடியாது என்று தெரிந்துபோயிற்று. களத்து வேப்ப மரத்தடியில் அம்மா உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். சித்தப்பா பக்கத்தில் கயிற்றுக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. இரண்டு பேர் முன்னாலும் நின்றுகொண்டு, முதலிலிருந்து கடைசி வரை எல்லாவற்றையும் சொன்னேன். எந்த நோய், எங்கே வந்தது, ஊசி எதை நிறுத்தியது, அதனால் உடம்பு என்ன ஆனது, எல்லாவற்றையும். அப்பனைப் பற்றி மகள் பேசுகிற பேச்சா அது? நீ பேச வைத்தாய்.

சித்தப்பா நம்பவே இல்லை. அம்மாவைப் பார்த்து, உங்க பொண்ணுக்குப் பித்துப் பிடித்துவிட்டது அண்ணி என்றார். அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். கொழுந்தன் முன்னால் அவள் உட்கார்ந்து பேசியே நான் பார்த்ததில்லை. அன்றைக்கு உட்கார்ந்தபடியே பேசினாள்.

"மூணு வருஷம் அவரு பாய் தனி, எம் பாய் தனி. நான் இன்னா பாவம் பண்ணேன்னு கேட்டேன். விரதம்னாரு. விரதம் இருக்கற மனுசனுக்கு மாரு ஏன் வீங்குது? சட்ட மாட்டும்போது பாத்தேன். கேட்டா சாமி குத்தம் ஆயிடும்னு வாய மூடிக்கினு இருந்தேன். என்ன புடிக்காம போய்ட்ச்சுன்னு நெனச்சிக்கினே இருந்துட்டேன்."

அப்புறம் சித்தப்பாவைப் பார்த்து, "போ. போய் காட்டு. உம் பொண்டாட்டியும் என்ன மாதிரி சுவத்தப் பாத்துக்கினு படுக்கணுமா?" என்றாள். எப்போது போகலாம் என்று சித்தப்பா என்னைக் கேட்டார். மனைவியைத் தவிர யாருக்கும் தெரிய முடியாத விஷயம் அது, அதனால்தான் அவர் நம்பினார்.

அம்மா அன்றைக்கு அழவில்லை. மறுநாள் உன் படத்துக்குப் பூ வைக்கவில்லை. நான் வைக்கட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம், கொஞ்ச நாள் சும்மா இருக்கட்டும் என்றாள். இன்னும் வைக்கவில்லை. மூன்று வருஷம் ஒரு பொம்பளையைத் தன்மேல்தான் தப்பு என்று நினைக்க விட்டாயே, உனக்கு மனசு எப்படி வந்தது? உன் ஆம்பளைத்தனத்தைக் காப்பாற்ற அவள்தான் கிடைத்தாளா? ஊசியால் இப்படி ஆகிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், முந்தானையால் உன் வேர்வையைத் துடைத்துவிட்டுப் பக்கத்திலேயே படுத்திருப்பாள். அவளுக்கு வேர்த்துக் கொட்டிய வருஷங்களில் நீ விசிறிவிட்டதை இன்றைக்கும் சொல்கிறவள் அவள்.

சித்தப்பாவை அதே ஆஸ்பத்திரிக்கு, அதே டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனேன். விரல் விட்டுப் பார்க்க வேண்டும் என்றபோது அவரும் உன்னைப் போலவே வேட்டியைப் பிடித்துக்கொண்டார். நான் வெளியே நிற்கிறேன் சித்தப்பா என்று வந்துவிட்டேன். உள்ளேயே இருந்தார். ஒரு வாரத்தில் எல்லா முடிவும் வந்தது. அதேதான். இடுப்பெலும்பில் ஓரிடத்தில் இறங்கியிருக்கிறது, உனக்குப் பரவியிருந்த அளவு இல்லை. ஊசி ஆரம்பித்தாயிற்று, கூடவே மாத்திரை. நிறைய நாள் அடக்கி வைக்கலாம் என்று டாக்டர் சொன்னார். சொல்லிவிட்டு, ஒரு வருஷம் முன்னால் வந்திருந்தால் எலும்புக்குப் போகாமலே கூடப் பிடித்திருக்கலாமே, எங்கே இருந்தீர்கள் என்று தெலுங்கில் கேட்டார். சித்தப்பா தன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார். அந்த ஒரு வருஷத்தை நீதான் எடுத்துக்கொண்டாய், நைனா. அதை நான் மன்னிக்கப் போவதில்லை. ஊர் கூடி வந்து சொன்னாலும் மாட்டேன்.

அவர் உன்னை மாதிரி இல்லை. திரும்பிப் போன மறுநாள் காலையில், கேனைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் பால் ஊற்ற நிற்கிற இடத்தில், ஏன் சோர்ந்திருக்கிறாய் என்று யாரோ கேட்க, அவர் சத்தமாகச் சொல்லியிருக்கிறார். "எனக்கு ஒண்ணுக்குப் போற எடத்துல கேன்சரு. எங்கண்ணனுக்கும் அதான். மறச்சிட்டாரு." ஒருத்தன் சிரித்தானாம். மற்றவர்கள் பால் ஊற்றிவிட்டுப் போனார்களாம். சாயந்திரம் இருட்டுகிற நேரத்தில் மேலத்தெரு மாமா ஒருவர் வந்து, அந்த ரத்தப் பரிசோதனையை எங்கே எடுக்கிறார்கள் என்று மெதுவாகக் கேட்டுவிட்டுப் போனாராம். நீ லட்டு கொடுத்த ஆட்களில் அவரும் ஒருவர்.

இவ்வளவு திட்டிவிட்டேன். ஒன்றை மட்டும் சொல்லாமல் வைத்திருந்தேன். சித்தப்பாவின் முதல் ஊசிக்காகச் சீட்டு வாங்கிக்கொண்டு, வரிசையாகப் போட்டிருக்கிற அந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது நடந்தது. சித்தப்பாவும் உன்னைத் திட்டப் போகிறார் என்று காத்துக்கொண்டிருந்தேன். திட்டட்டும், சேர்ந்து திட்டலாம் என்றுதான் இருந்தேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். நோயாளிகளோடு கூட வந்த அண்ணன், தம்பி, மச்சான் என்று ஆண்களாக உட்கார்ந்திருந்தவர்களை எல்லாம் பார்த்தார்.

"அண்ணன் இங்க எத்தினி தபா வந்து உக்காந்துகினு இருந்திருப்பாரு? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானும் கூட வந்திருப்பேனே, சாந்தி. பக்கத்துல உக்காந்திருப்பேனே. எனக்கு வேற இன்னா வேல?"

அவருக்கு அவ்வளவுதான் குறை. தன் ஒரு வருஷம் போனது கூட இல்லை. நீ அவரைக் கூப்பிடாமல் போனதுதான். கேட்டுக்கொண்டாயா, நைனா? நாங்கள் சிரித்துவிடுவோம் என்று பயந்துதானே மறைத்தாய்? யாரும் சிரித்திருக்க மாட்டோம். பஸ் பிடித்துக் கூட வந்திருப்போம்.

உன் தலையில் கை வைத்துச் செய்த சத்தியத்தை இந்தக் கடிதத்தோடு முழுசாக உடைத்துவிட்டேன். அதற்குப் பாவம் வருமென்றால் வரட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன். இப்போது நானாக ஒரு சத்தியம் செய்கிறேன், யாரும் கையைப் பிடித்துக் கேட்காமல். நீ எதனால் செத்தாய் என்று யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், நோயின் பெயரையும் உன் பெயரையும் சேர்த்துச் சொல்வேன். சித்தப்பாவின் அடுத்த ஊசிக்கும், அதற்கடுத்த ஊசிக்கும், மருந்துக்கு நோய் கேட்கிற வரைக்கும், கேட்காமல் போன பிறகும், அவர் அந்த நாற்காலியில் தனியாக உட்கார மாட்டார்.

இன்னும் கோபம் ஆறாத உன் ஒரே மகள்,
சாந்தி